ஏழு படி

அவளுடைய இயற்பெயரைக் குழுவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கழுத்தில் அளவு நாடா மாலையாகத் தொங்கும். எதைப் பார்த்தாலும் அதன் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மனத்துக்குள் குறித்துக்கொள்வாள். ஆகவே எல்லாருக்கும் அவள் அங்குலம்தான். மூத்தவர்கள் அங்குலம் என்றார்கள். இளையவர்கள் அங்குலம் அக்கா என்றார்கள். உடையறையில் அவளோடு தைக்கும் நாத்தனார் மட்டும், கோபம் வந்தால், 'அரை அங்குலம்' என்பாள்.

பத்தொன்பது வயதில், பள்ளிச் சீருடை தைக்கும் கடை ஒன்றில் பொத்தான் துளை போடும் வேலையில் இருந்தாள். ஒரு பிற்பகல், நடனக் குழுவை நடத்தும் டீச்சர் இடுப்பிலிருந்து முழங்கால் வரை கிழிந்த பாவாடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் ஓடி வந்தார். ஒரு மணி நேரத்தில் மேடை ஏற வேண்டும். கடைக்காரர், பிரித்துத் தைக்க இரண்டு நாள் ஆகும் என்று கையை விரித்துவிட்டார். மூலையில் இருந்த பெண் தலையை உயர்த்திக் கேட்டாள்: "இதை எவ்வளவு தூரத்துல இருந்து பாப்பாங்க?"

"முதல் வரிசையே நாப்பது அடி தள்ளி."

"அப்ப தைக்கவே வேணாம்."

பதினெட்டு ஊக்குகளை உள்பக்கமாகக் குத்திப் பத்தே நிமிடத்தில் பாவாடையை ஒப்படைத்தாள். மறுவாரம் டீச்சர் அவளைத் தம் குழுவுக்கே அழைத்துக்கொண்டார். ஊக்குக்காக அல்ல, அந்தக் கேள்விக்காக.

அதன் பிறகு இருபத்தேழு ஆண்டுகள் குழுவின் உடைகள் எல்லாம் அவள் கையில் உருவாயின. மேடை மட்டும் அவள் கையில் இல்லை. அதை வாடகைத் திரை வைத்திருந்த ஓவியர் ஒருவர் பார்த்துக்கொண்டார். அவரிடம் மொத்தம் மூன்று திரைகள்: அரண்மனை, தோட்டம், காடு. எந்தக் கதையானாலும் இந்த மூன்று இடங்களுக்குள் நடந்து முடிய வேண்டும். ஒருமுறை அங்குலம் ஒரு மாதம் பாடுபட்டுத் தைத்த பச்சை உடை, தோட்டத் திரைக்கு முன்னால் வந்ததும் மாயமாய் மறைந்துபோயிற்று. ஒரு தலையும் இரண்டு கைகளும் மட்டும் தனியே ஆடின. சிரிப்பு மூட்டும் காட்சி என்று நினைத்து மக்கள் கை தட்டினார்கள். அன்றிலிருந்து அவள் ஆண்டுதோறும் டீச்சரிடம் ஒரே விண்ணப்பத்தை வைத்துவந்தாள்: உடையும் மேடையும் ஒரே கையில் இருக்க வேண்டும்.

இந்த ஆண்டு டீச்சர் இணங்கினார். இணங்கிய விதம்தான் கடுமையாக இருந்தது.

"அடுத்த மாசம் கடைசி ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி. முந்தின நாள் சனிக்கிழமை மதியம் ஒத்திகை பாப்பேன். சரியா வரலைன்னா எல்லாத்தையும் எடுத்துட்டுக் கறுப்புத் திரையைத் தொங்க விட்டு ஆடிடுவோம். அடுத்த தடவை மேடை பழைய ஆளுக்குப் போயிடும். சம்மதமா?"

சம்மதம் என்றாள். நிகழ்ச்சித் தாளில் 'மேடை அமைப்பு' என்ற சொற்களுக்கு எதிரே பெயர் அச்சாகவில்லை. புள்ளிகள் மட்டும் இட்டு வைக்கும்படி டீச்சர் அச்சகத்துக்குச் சொல்லியிருந்தார். அந்த அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர் அங்குலத்தின் கணவர். தினமும் அந்தப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவார்.

கதை, தூக்கத்தைத் தொலைத்துவிட்ட ஓர் ஊரைப் பற்றியது. கடைசிக் காட்சியில் இரவு என்னும் பெண் இறங்கி வந்து ஊரைத் தூங்க வைக்கிறாள். இரவாக ஆடும் பெண்ணுக்கு அங்குலம் கருநீலத்தில் ஒரு போர்வை தைத்திருந்தாள்: தோளிலிருந்து பன்னிரண்டு அடி நீளம், அதில் ஊரின் சன்னல்களாக இருநூற்றுப் பத்து மஞ்சள் சதுரங்கள். மேடையின் பின்பக்கம் நான்கு அடி உயரத்தில் ஓர் உயர்தளம் இருக்கும். அதன்மேல் இரவு தோன்றுவாள். பிறகு மறைவில் உள்ள ஏணி வழியே இறங்கி, போர்வை தரையில் இழைய நடந்து வருவாள்.

எல்லாம் சரி. ஆனால், இரண்டு செருப்புப் பெட்டிகளை ஒட்டி, ஓர் அடிக்கு அரை அங்குலம் என்ற கணக்கில் அவள் செய்த மாதிரி மேடையில் ஒரு குறை தெரிந்தது. பார்வையாளர் உட்காரும் மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தால் தரையே தெரியவில்லை. பன்னிரண்டு அடித் துணியும் இருநூற்றுப் பத்துச் சன்னல்களும் ஒற்றைக் கோடாகிவிட்டன. டீச்சரும் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தார்.

"தரையைக் கூட்டறதுக்கா இவ்வளவு நீளம்? வெட்டிடு."

இரண்டு வாரம் யோசித்தும் வழி பிறக்கவில்லை. வெட்டிவிடுவது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, மேடை வரைபடத்தை முடித்தாள். ஏழு பேருக்கு அது தேவைப்பட்டது. உயர்தளத்தின் படத்துக்கு அருகே, ஓரத்தில், அலுவலகத்துக்கு ஒரு குறிப்பு எழுதினாள்: 'ஏழு காப்பி.'

கணவர் எட்டிப் பார்த்தார்.

"காப்பி குடிக்கிறது. இது தாள்."

"சரி, நகல்னு போடவா?"

"அது அரபுலேருந்து வந்தது."

"பிரதி?"

"வடசொல். நம்ம மொழியில அழகா 'படி'ன்னு ஒரு சொல் இருக்கு. யாருமே எடுத்துப் புழங்கறதில்ல."

பென்சிலை வாங்கி அவரே திருத்தினார், பிழையற்ற அச்சு எழுத்துப் போன்ற கையெழுத்தில்: 'ஏழு படி.'

திங்கட்கிழமை அந்தத் தாள் அலுவலக மேசையில் இருந்தது. படியெடுக்கும் பையன் வருவதற்கு முன்பே, மேடையைக் கட்டவிருந்த தச்சர் வந்து அதைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அங்குலமும் நாத்தனாரும் அரங்கத்துக்குள் நுழைந்தபோது, மேடையின் நடுவே, பதினாறு அடி அகலத்தில், மேலிருந்து தரை வரை, மரத்தால் ஆன ஏழு படிகள் நின்றன.

நாத்தனார் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள். "அண்ணி, நம்ம கதையில நீதிமன்றம் ஏதாவது வருதா?"

தச்சர் உச்சிப் படியில் உட்கார்ந்து சுத்தியலைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. "வாம்மா அங்குலம். நாலு அடியை ஏழாப் பிரிச்சிருக்கே பாரு, ஒவ்வொரு படியும் ஏழு அங்குலத்துக்கு ஒரு நூல் கம்மி. கால் நோகாத கணக்கு. ஆயுசுல எத்தனையோ படி செஞ்சிருக்கேன், இப்படி அளவு யாரும் எனக்குக் கொடுத்ததில்ல."

"நான் எங்கண்ணே படி கேட்டேன்?"

தச்சர் வரைபடத்தை விரித்துக் காட்டினார். உயர்தளம், பக்கத்தில் தெளிவான எழுத்தில், 'ஏழு படி.'

மேடையின் ஆழம் இருபத்தாறு அடி. ஆடுவதற்குப் பதினெட்டு அடி வெற்றுத்தரை வேண்டும் என்பது டீச்சர் போட்ட கட்டளை. கண்ணாலேயே அளந்துவிட்டாள்: பதினாலரை அடிதான் மிச்சம். டீச்சர் பத்து மணிக்கு வருவார். இருபத்தேழு ஆண்டுக் காத்திருப்பு ஒரே சொல்லில் கவிழ்ந்து கிடந்தது.

நாத்தனார் வரைபடத்தை வாங்கிப் படித்தாள். "இது எங்க அண்ணன் கையெழுத்து."

"ஆமா."

"காப்பின்னே விட்டிருந்தா ஏழு டம்ளராவது வந்திருக்கும். இப்படிப் பசியோட நிக்க வேண்டியதில்ல."

அங்குலம் கைப்பேசியில் கணவரை அழைத்தாள். "உங்க தமிழ் இங்க பதினாறு அடி அகலத்துல நிக்குது. வந்து பாருங்க."

விவரத்தை முழுதும் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "எழுத்துப் பிழை இல்லையே?"

"பிழை இல்ல. பொருள்தான் ரெண்டு."

கைப்பேசியை மூடிவிட்டுப் பார்வையாளர் பக்கம் இறங்கினாள். எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. ஐந்தாம் வரிசையில் உட்கார்ந்து நிமிர்ந்தாள். நிமிர்ந்தவளின் கை தானாக அளவு நாடாவைப் பற்றியது.

படியின் கிடைப்பரப்பு எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு படியின் முகப்பும், செங்குத்தாக நிற்கும் அந்த ஏழு அங்குலப் பட்டையும், முழுதாகக் கண்ணுக்கு நேரே நின்றது. ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏழு பட்டைகள்.

எழுந்து கடைசி வரிசைக்கு ஓடினாள். அங்கேயும் ஏழும் தெரிந்தன. முதல் வரிசையின் இடது ஓர நாற்காலிக்கு ஓடினாள். அங்கேயும் தெரிந்தன. நாற்பத்தாறு வயதுக்காரி வரிசை வரிசையாக ஓடி உட்கார்ந்து எழுவதைத் தச்சர் கவலையோடு பார்த்தார்.

"என்னாச்சு உங்க அண்ணிக்கு?"

"ரொம்ப நல்லதாச்சு, இல்லேன்னா ரொம்பக் கெட்டதாச்சு," என்றாள் நாத்தனார். "ரெண்டுக்கும் இப்படித்தான் ஓடுவாங்க."

மூச்சிரைக்க மேடை ஏறிய அங்குலம், நீலப் போர்வையை அள்ளிக்கொண்டு போய்ப் படிகளின் மேல் விரித்தாள். சதுரங்கள் கண்டபடி கிடந்தன. சில முகப்பில் நின்றன, பல மறைந்துபோயின. ஆனால் நின்ற சில போதும். சரிவில் அடுக்கடுக்காக வீடுகள், ஒவ்வொன்றிலும் விளக்கெரியும் சன்னல். ஊர் துணியிலிருந்து எழுந்து நின்றுவிட்டது.

டீச்சர் பத்து மணிக்குச் சரியாக வந்தார். படிகளைப் பார்த்தார். "இது யார் கேட்டது?"

சொந்த யோசனை என்று சொல்லிவிடலாம். நாத்தனாரின் கண் அதைத்தான் சொல்லிற்று. அங்குலம் உள்ளதை உள்ளபடி சொன்னாள்: காப்பி, படி, கணவர், தச்சர். பிறகு சொன்னாள்: "தப்புத்தான் டீச்சர். ஆனா சனிக்கிழமை வரைக்கும் இதைப் பிரிக்கச் சொல்லாதீங்க. போர்வைக்கு வழி கிடைச்சிருச்சு."

"எனக்குப் பதினெட்டு அடி வேணும்."

"தர்றேன்."

"பதினேழே முக்கால் இல்ல. பதினெட்டு."

டீச்சர் உள்ளே போனதும் கணக்குத் தொடங்கியது. உயர்தளம் பின்சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி நின்றது. நடனக்காரர்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மறைவாகப் போகும் பாதை அது. அதை மூடித் தளத்தைச் சுவரோடு ஒட்டினால் இரண்டு அடி கிடைக்கும். தளத்தின் ஆழம் நான்கு அடி. ஒருத்தி நிற்க இரண்டரை போதும். அதில் ஒன்றரை. பதினாலரையும் இரண்டும் ஒன்றரையும் பதினெட்டு. ஒரு நூல் கூடவில்லை, ஒரு நூல் குறையவில்லை.

"அப்ப அந்தப் பக்கம் போறவங்க எப்படிப் போவாங்க?" என்றார் தச்சர்.

"அடியில குனிஞ்சு போகட்டும். உள்ளே வெற்றிடம்தானே. நாலு அடி உயரம் இருக்கு."

"நடனக்காரங்களை மூட்டை தூக்கறவங்க மாதிரி ஆக்கிட்டியேம்மா," என்று சொல்லிக்கொண்டே ரம்பத்தை எடுத்தார்.

போர்வையின் கணக்கு இன்னும் நுட்பமானது. போர்வையின் கீழ்விளிம்பு உச்சிப் படியில் வளையங்களால் மாட்டப்பட்டிருக்கும். இரவு ஒவ்வொரு படியாக இறங்க இறங்க, பின்னால் குவிந்திருக்கும் துணி விரிந்துகொண்டே வரும். அவள் தரையைத் தொடும்போது ஏழு படியும் மூடியிருக்கும். தோளில் இரண்டு அழுத்துப் பொத்தான்கள். அவற்றை விடுவித்துவிட்டு அவள் நகர்ந்தால், உடை அங்கேயே ஊராக நிற்கும். அவள் கையை வீசி ஆடலாம். இதற்கு நீளம் பதினாலரை அடி வேண்டும், இருப்பதோ பன்னிரண்டு. கீழ்விளிம்பு பதினாறு அடிக்கு விரிய வேண்டும். அதற்கு விசிறி போல் அகலும் துண்டுகள் வேண்டும். துணிக்கடையில் அந்தக் கருநீலம் தீர்ந்துபோயிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, பண்டக அறையில் மடித்து வைத்திருந்த கறுப்புத் திரைக்கு முன்னால் இருவரும் நின்றார்கள். ஒத்திகை சரிவராவிட்டால் தொங்கவிடுவதற்கென்று டீச்சர் எடுத்து வைக்கச் சொன்ன அதே திரை.

"அண்ணி, இதை வெட்டிட்டா அப்புறம் திரும்பிப் போக வழி இல்ல."

"தெரியும்."

"நீலத்துல கறுப்பை ஒட்டுப் போட்டாப் பளிச்சுனு தெரியாதா?"

அங்குலம் அறையின் சன்னலைச் சாத்தினாள். கைவிளக்கின் முகத்தில் நீலக் கண்ணாடித்தாளைச் சுற்றி, இரண்டு துணிகளின் மேலும் ஒளியைப் பாய்ச்சினாள். நீல ஒளியில் கருநீலம் மெல்லப் பளபளத்தது. கறுப்பு ஒளியை முழுவதும் விழுங்கிவிட்டது. தோளில் அந்தி, விளிம்பில் நள்ளிரவு.

அங்குலம் நேரே டீச்சரின் அறைக்குப் போனாள். "கறுப்புத் திரையில ஒரு பாதி வேணும் டீச்சர்."

டீச்சர் சலங்கைக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "என்கிட்ட ஏன் கேக்கறே? கத்தரி உன் கையிலதானே இருக்கு."

அதற்கு அனுமதி என்று பொருளா, எச்சரிக்கை என்று பொருளா? அந்த வாரம் அவளுக்கு இரண்டு பொருள் தரும் சொற்களாகவே வாய்த்தன. திரும்பி வந்து, சுண்ணக்கட்டியால் கோடு கிழித்து, கத்தரியை வைத்தாள். கனத்த துணி அறுபடும் ஒலி அறை முழுதும் கேட்டது.

அதன்பின் யாருக்கும் பேச நேரமில்லை. இருநூற்றுப் பத்துச் சதுரங்களையும் பிரித்தார்கள். படியின் முகப்பு விழும் இடங்களில் மட்டும் மறுபடி தைத்தார்கள். போர்வை மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் படிவதால், கீழ்ப்படிக்குப் பன்னிரண்டு சன்னல், அடுத்ததற்குப் பதினெட்டு, ஒவ்வொரு படிக்கும் ஆறாறு கூட்டிக்கொண்டு போனால் உச்சிப் படிக்கு நாற்பத்தெட்டு. கூட்டிப் பார்த்தாள்: சரியாக இருநூற்றுப் பத்து.

"ஒரு சன்னல்கூட மிஞ்சல," என்றாள் அங்குலம், புதையல் கிடைத்தவள் குரலில்.

"உங்களுக்கு இதுல இருக்கற சந்தோஷம் கல்யாணத்தன்னிக்குக்கூட இல்ல. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"அன்னிக்கு உங்க அண்ணன் சட்டை ரெண்டு அங்குலம் பெரிசு. அதையே பாத்துட்டு இருந்தேன்."

துணி படியின் மடிப்புக்குள் இறங்கி உட்கார வேண்டும். இல்லாவிட்டால் சறுக்குமரம் போல ஆகிவிடும். அதற்கு மீன்வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை மடிப்புதோறும் வரிசையாக வைத்துத் தைத்தாள். சோதித்துப் பார்த்தபோது, துணி இறங்கிய ஒவ்வொரு படியிலும் குண்டுகள் மரத்தில் மோதித் 'தடக்' என்றன.

"ஊரைத் தூங்க வைக்க வந்தவ கதவைத் தட்டறா," என்றார் தச்சர்.

நாத்தனார் வீட்டுக்குப் போய் அண்ணனுடைய கிழிந்த காலுறைகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தாள். அவற்றை வெட்டி ஒவ்வொரு குண்டுக்கும் சட்டை போட்டார்கள். சத்தம் நின்றது.

சனிக்கிழமை மதியம் மூன்று மணி. கணவர் நிகழ்ச்சித் தாளின் கடைசி மெய்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றார். டீச்சர் முதலில் நாடாவை வாங்கித் தரையைத் தாமே அளந்தார். பதினெட்டு. நாடாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முதல் வரிசையின் இடது ஓர நாற்காலியில், அரங்கத்திலேயே மோசமான இடத்தில், போய் உட்கார்ந்தார்.

அங்குலம் பக்கத் திரையின் மறைவில் நின்றாள். விளக்குகள் நீலமாயின. உயர்தளத்தில் இரவு தோன்றினாள். முதல் படி. துணி ஓசையில்லாமல் வழிந்து மடிப்பில் உட்கார்ந்தது. நாற்பத்தெட்டுச் சன்னல்கள் நிமிர்ந்தன. இரண்டாம் படி, நாற்பத்திரண்டு. அங்குலத்தின் உதடுகள் எண்ணிக்கொண்டே வந்தன. மூன்றாம் படியில் துணி ஒரு கணம் தயங்கியது. அவள் எண்ணிக்கையும் தயங்கியது. பிறகு துணி தானே சரிந்து படிந்தது. முப்பது, இருபத்துநான்கு, பதினெட்டு, பன்னிரண்டு. இரவு தரையைத் தொட்டாள், தோளைத் தொட்டாள், பொத்தான்கள் விடுபட்டன. அவள் விலகிய பின்னும் அவள் உடுத்திருந்தது அங்கேயே நின்றது: நள்ளிரவின் கீழே, அந்திக்குள், விளக்கேற்றிய ஓர் ஊர்.

டீச்சர் எழுந்து கடைசி வரிசைக்கு நடந்தார். "இன்னொரு தடவை."

இரண்டாம் முறையும் ஊர் எழுந்தது. இருட்டிலிருந்து டீச்சர் இரவாக ஆடும் பெண்ணுக்குக் குரல் கொடுத்தார். "மூணாவது படியில நீ அவசரப்படறே. துணியை இழுக்காதே, அது வர்ற வரைக்கும் நில்லு. அது உனக்காக வருது."

நாத்தனார் காதருகே முணுமுணுத்தாள். "உங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே, அண்ணி."

"சொல்லிட்டாங்க," என்றாள் அங்குலம். டீச்சர் மாற்றச் சொன்னது நடனத்தை, மேடையை அல்ல. அவள் கால்கள் நிலைகொள்ளாமல் இரண்டு எட்டு வைத்தன. நடனம் என்று அதை யாரும் சொல்லிவிட முடியாது.

டீச்சர் கதவுப் பக்கம் திரும்பினார். "அந்தப் புள்ளியை எல்லாம் எடுத்துட்டுப் பேரைப் போடுங்க."

கணவர் பென்சிலை எடுத்தார். "இயற்பெயரா, அங்குலமா?"

"அங்குலம்னு போடுங்க. இன்னொரு பேரு இருக்கறதே எனக்கு இப்பத்தான் தெரியும்." பிறகு மேடையை நோக்கிக் குரலை உயர்த்தினார்: "அங்குலம், அடுத்த மாசம் போற அரங்கத்துல இருபத்திரண்டு அடி ஆழம்தான். அதுக்குத் தகுந்த மாதிரி புதுசா வரைஞ்சு எனக்கு ரெண்டு படி அனுப்பு."

படிகளுக்கு அடியிலிருந்து தச்சரின் தலை வெளியே வந்தது. "ரெண்டே ரெண்டு படியா டீச்சர்? நாலு அடி ஏறணுமே, கால் எட்டாதே."

அரங்கம் முழுதும் சிரித்தது, டீச்சரும் சிரித்தார். அங்குலம் அதற்குள் நான்கு அடியை எங்கே குறைப்பது என்ற கணக்கில் இறங்கிவிட்டாள். கணவர் கையிலிருந்த பென்சிலை வாங்கி, பழைய வரைபடத்தின் ஓரத்தில், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதினாள்: 'இரண்டு படி. தாளில்.'